துடைக்காத இலை

வயல் வரம்பில் முழங்காலை ஊன்றி, இடது முழங்கையைச் சேற்றில் புதைத்து, ஒரு நெல்லிலைக்கு முன்னால் மேனுகா மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார். காலை ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. கையிலுள்ள சிறிய கமராவின் வாயில், அடியை வெட்டியெடுத்த யோகட் கோப்பை ஒன்று மாட்டியிருக்கிறது. அதன் விளிம்புக்கும் இலைக்கும் நடுவே ஒரு நகத்தின் இடைவெளிதான். பொத்தானை அழுத்தியதும் விரலை எடுத்துவிடுகிறார். இரண்டு செக்கன் கழித்துக் கமரா தானாகவே படத்தை எடுக்கிறது. ஏன் இந்தத் தாமதம் என்று கேட்டால், “நம்மட விரலும் ஒரு காத்துத்தான் சேர், அதுவும் இலைய ஆட்டும்” என்கிறார்.

மேனுகாவுக்கு முப்பத்தெட்டு வயது. மண்டூர்ச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். நான் அந்தப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் மூன்று வருடமாகப் படிப்பிக்கிறேன். குருமண்வெளியில் பாதையேறி வாவியைக் கடந்து தினமும் போய்வருகிறவன். வாவியைக் கடக்கும் அந்த இயந்திரத் தெப்பத்துக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். வினாத்தாளைப் பிரதி எடுக்கப்போய்ப் பழக்கமானோம். படம் எடுக்கப் போன முதல் நாளே எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வீட்டில் குளித்து, நன்றாக உடுத்துக்கொண்டு அடையாள அட்டைப் படத்துக்காக உட்கார்ந்தவனிடம் ஈரத் துவாயை நீட்டி, “முகத்தத் துடைச்சிட்டு இரிங்க” என்றார்.

அது அவருடைய கடைச் சட்டம். வயலிலிருந்தும் தோணியிலிருந்தும் நேரே வருகிறவர்களுக்காகத் தொடங்கியது, பிறகு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. நீலத் திரைக்குப் பக்கத்தில் ஒரு பேசின், துவாய், பவுடர் டின், சீப்பு. ஐசி என்று ஊர் சொல்லும் அடையாள அட்டையிலுள்ள முகத்தோடு ஒருவர் எத்தனை வருடம் வாழவேண்டியிருக்கிறது என்று கணக்குச் சொல்வார். நியாயம்தான். வேறு கடையில் எடுத்த என் பழைய அட்டையில் நான் பிடியாணை பிறந்து திரிகிறவனைப்போல இருந்தேன். மேனுகா எடுத்த படத்தில் அதிபராகும் தகுதி தெரிகிறது.

போன வருடம் சிறுபோக நெற்பருவத்தில் அந்த நீலத் திரைக்கு முன்னால் ஒரு நெல்லிலை வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்தவர் கந்தப்போடி. அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஊருக்கு மேற்கே வயல்வெளியான வட்டையில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறார். நுனி மஞ்சளடித்த இலைகள் நாலைந்தை விடியவே பறித்துத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, படம் பிடித்து விவசாயப் போதனாசிரியருக்கு வட்சப்பில் அனுப்பிவிடச் சொன்னார். மேனுகா தன் கடைக்கு வருகிற மனிதர்களுக்குச் செய்வதையே இலைக்கும் செய்தார். ஈரத் துவாயால் இரண்டு பக்கமும் துடைத்து, சுருண்டதை நீவி, வெளிச்சத்தைச் சரிபார்த்து, ஃபோனில் படம் எடுத்தார். இலை கல்யாண மாப்பிள்ளையைப்போல வந்தது. அவ்வளவு துப்புரவான படத்தில் நோயின் அறிகுறி எதையும் காணவில்லை, சத்துக் குறைவாக இருக்கலாம், யூரியா இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள் என்று பதில் வந்தது. கந்தப்போடி போட்டார். பன்னிரண்டு நாளில் வயல் வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டது.

பிறகுதான் போதனாசிரியர் நேரில் வந்தார். பற்றீரியா இலை வெளிறல் என்று சொன்னார். அந்த நோய் வந்த இலையின் ஓரத்தில் விடியற்காலையில் பால் கலங்கியதுபோலத் துளி கசியும். வெயில் ஏறினால் அது காய்ந்து மஞ்சள் மணியாக ஒட்டிக்கொள்ளும். யூரியா அந்த நோய்க்கு விருந்து வைத்த மாதிரி. படத்தில் ஒரு துளிகூட இருக்கவில்லையே என்று அவர் யோசித்தார். கொண்டுவருகிற வழியில் காற்றில் உதிர்ந்திருக்கும் என்றார் பக்கத்து வயல்காரர் ஒருவர். மேனுகா பேசாமல் நின்றிருந்தால் பழி காற்றின் தலையோடு போயிருக்கும். வரம்பில் இருபது பேர் நிற்க அவர் சொன்னார்:

“காத்து ஒண்டும் செய்யல்ல சேர். நான்தான் துடைச்சன்.”

நான் அன்று அங்கே இல்லை. நின்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். எங்கள் பாடசாலையில் நான் வருமுன்பே உடைந்த ஒரு யன்னல் கண்ணாடிக்கு நான்கு வருடமாக உடைத்தவர் கிடைக்கவில்லை. அதனால் இந்த ஒரு வசனத்துக்காகவே எனக்கு மேனுகாமேல் பெரிய மரியாதை.

கந்தப்போடி அவரை ஏசவில்லை. வரம்பால் நடந்து போய்விட்டார். அன்றிலிருந்து அவர் கடைப்படி ஏறவுமில்லை. ஒரு பக்கம் பிரதி எடுக்கவேண்டுமென்றாலும் கடிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதையேறி அக்கரைக்குப் போய்வந்தார். கடைக்குள் இருந்தபடி அதைப் பார்ப்பது ஏச்சு வாங்குவதைவிட மோசம் என்று மேனுகா என்னிடம் சொல்லியிருக்கிறார். சொன்ன அன்றைக்கு என் வினாத்தாளில் இரண்டு பக்கம் தலைகீழாகப் பிரதியாகியிருந்தது.

அதன் பிறகுதான் கமரா தேடும் படலம். இலை இனிக் கடைக்கு வரக்கூடாது, கடைதான் இலையிடம் போகவேண்டும் என்று முடிவெடுத்திருந்தார். ஃபோன் சரிவரவில்லை, கிட்டப் போகப் போக, முன்னால் இருக்கிற இலையை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிற வரம்பைத் தெளிவாகக் காட்டியது. ஃபோனில் கவ்வவைக்கும் கண்ணாடியொன்று வாங்கினார். நடுப்பகுதி நன்றாகத் தெரிந்தது, ஓரங்கள் வளைந்து கலங்கின. நோய் இருப்பதோ இலையின் ஓரத்தில். கண்ணாடியைக் கழற்றி மாட்டுகிற பெரிய கமராவின் விலையை மட்டக்களப்பு நகரத்தில் விசாரித்தார். விசாரித்ததோடு சரி.

கடைசியில் காத்தான்குடியில் றிஸ்வியின் கடைக்குப் போனார். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கொண்டுவரும் ஃபோன், கமரா, மணிக்கூடு எல்லாம் வாங்கி விற்கிறவர் றிஸ்வி. மேனுகா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனது ஒரு பால்மா டின். அதற்குள் சேற்றோடு ஒரு நெற்பயிர். அதைக் கண்ணாடி மேசையில் வைத்ததும் றிஸ்வி ஒருகணம் திகைத்துப்போய், பிறகு இருப்பதிலேயே நீளமான கமராவை எடுத்தாராம். “இத எடுங்க தங்கச்சி. நிலாவயே கிட்டக் கொண்டு வரும்.”

“நிலாவுல ஆரும் வயல் செய்யல்லியே நானா.”

மேனுகா கேட்டது ஒரே கேள்விதான்: எவ்வளவு கிட்டப் போகலாம்? ஏழு கமராக்களை அந்தப் பயிரின் முன்னால் பிடித்துப் பார்த்தார். தூரத்தை இழுக்கும் பெரிய பெரிய சூம் உள்ளவையெல்லாம் ஒரு சாண் தூரத்துக்குள் வந்ததும் கலங்கிவிட்டன. எட்டாவதாக மேசை லாச்சிக்குள்ளிருந்து வந்தது, உள்ளங்கைக்குள் அடங்கும் சாம்பல் நிறப் பழசு ஒன்று. மூலையில் பூச்சுப் போயிருந்தது. அதன் பொத்தானில் சின்னதாக ஒரு பூ அடையாளம் இருந்தது. அதுதான் கிட்டக் கிடக்கிற பொருளுக்கான முறை. அதை அழுத்தி இலையை ஒட்டினாற்போல் கொண்டுபோனதும், இலையின் ஓரத்து முள்மயிர்கள் சீப்புப் பற்களாகத் திரையில் எழுந்துவந்தன. சூம் சிக்கும், பொய் சொல்லமாட்டேன் என்று றிஸ்வியே குறையைச் சொன்னார். மேனுகாவுக்கு அது குறையாகப் படவில்லை. சூமை இழுத்தால் இந்த வகைக் கமராவால் கிட்டப் போகமுடியாது, கிட்டப் போகவேண்டியது ஆள்தான் என்பதை ஏழு கமராவில் படித்துமுடித்திருந்தார். பற்றரி மூடி இறுகுகிறதா, படம் பதியும் காட் இன்னும் கடைகளில் கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, நல்ல ஃபோன் ஒன்றின் விலையில் பாதிகூடக் கொடுக்காமல் வாங்கிவந்தார்.

மிச்சத்தை வீட்டுச் சாமான்களால் சமாளித்தார். அவ்வளவு கிட்டப் போனால் கமராவின் நிழலே இலையை இருட்டாக்கிவிடும் என்று கண்டதும் யோகட் கோப்பை வந்தது. வெள்ளைக் கோப்பை சுற்றியுள்ள வெளிச்சத்தை வாங்கி இலைமேல் மெதுவாகப் பரப்பும். பழைய காற்சட்டையின் ஒரு காலை வெட்டித் தைத்து, உள்ளே நெல்லை நிரப்பிக் கமராவுக்குத் தலையணை செய்திருக்கிறார். பக்கத்து இலைகளை ஒதுக்கிப் பிடிக்க உடுப்புக் கிளிப், அளவு காட்ட முறிந்த அடிமட்டம். தெளிவு பிடிபடும்வரை கமராவை அசைக்காமல் தன் உடம்பையே முன்னும் பின்னும் ஒரு மயிரளவு நகர்த்துவார். பதினைந்து படம் எடுத்தால் ஒன்றை வைத்துக்கொள்வார். முதலில் பயிர் முழுதாக, பிறகு இலையோரம், பிறகு தண்டின் அடி. அந்த வரிசை மாறாது. இலையைப் பறிக்கவும் மாட்டார், விரலால் தொடவும் மாட்டார். இப்போது அவர் துடைப்பது கமராவின் கண்ணாடியை மட்டும்தான்.

கடை வாசலில் ‘பறித்துக் கொண்டுவரும் இலைகள் படம் பிடிக்கப்படமாட்டாது’ என்று ஒரு அறிவித்தல் தொங்குகிறது. முதலில் ஊர் சிரித்தது. நெல்லுக்கு ஐசி எடுக்கிற பொம்பிள என்று பட்டமும் வைத்தது. இப்போது அதே ஊர் விடியவே மோட்டார்சைக்கிளில் வந்து வாசலில் நின்று ஹோர்ன் அடிக்கிறது. நோயில்லாத நாளில் பாதைத் துறையடியில் கண்ணாமரத்தின் பூவைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார். பட்டாணியளவு பூ. அதற்குள் நாலு இதழும் மஞ்சளாக மடிந்து, நடுவில் ஒரு எறும்பு தேன் குடித்துக்கொண்டு இருக்கிற படத்தை எனக்குக் காட்டியபோது, மூன்று வருடமாக அந்த மரத்தடியில்தான் பாதைக்குக் காத்து நிற்கிறேன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இவ்வருடம் ஆனி மாதத்தில் ஒருநாள் என்னையும் வயலுக்குக் கூட்டிப்போனார். படம் எடுக்கக் கூப்பிட்டவரின் வயலில் வேலை முடிந்து திரும்பும்போது நடையை நிறுத்தினார். இரண்டு வரம்பு தள்ளிக் கந்தப்போடியின் வயல். அங்கே பயிரின் நுனிகள் மஞ்சளடித்திருந்தன. வரம்பில் வாய் திறந்தபடி யூரியா மூட்டை, பக்கத்தில் வாளி, வாளிக்குள் அள்ளிய பசளை. கந்தப்போடி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் நடந்ததுதான் மறுபடியும் நடக்கப்போகிறதோ, அல்லது இந்த முறை உண்மையிலேயே பசளைக் குறைவுதானோ, யாருக்கும் தெரியாது. வெயில் ஏறிவிட்டால் தெரிந்துகொள்ளவும் கஷ்டம். ஒரு வருடமாகப் பேசாத மனிதரின் வயலுக்குள் கூப்பிடாமல் இறங்குவதென்றால் எனக்குக் கால் வந்திருக்காது. மேனுகா நேரே போனார்.

“பெரியப்பா, ஒரு அரை மணித்தியாலம் பொறுங்க. ஒரு படம் எடுத்துத் தாறன்.”

கந்தப்போடி அவரைப் பார்க்கவில்லை. வெயிலேறுவதற்குள் பசளையை எறிந்து முடிக்கவேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் குந்தினார். அனுமதி அவ்வளவுதான்.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அன்றைக்கென்று நேரத்தோடு எழும்பிவிட்டது. முதல் நாலு படமும் பச்சைப் புகையாக வந்தன. மேனுகா எழும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக் காற்று வரும் பக்கத்தில் நிறுத்தினார். மூச்சு விடலாம், அசையக்கூடாது என்று உத்தரவு. என் உடம்பைப்பற்றி வீட்டில் நடக்காத பேச்சில்லை. முதன்முதலாக அது ஒரு காரியத்துக்கு உதவியது. சப்பாத்தோடு சேற்றில் புதைந்துகொண்டே நின்றேன். ஐந்து, ஆறு, ஏழு. எதிர்ப்பக்க வரம்பில் வெயில் விழுந்துவிட்டது. பதினோராவது படத்தில் மேனுகா நிமிர்ந்தார். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். நேரே போய், வெளிச்சம் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, கமராவைக் கந்தப்போடியின் முன்னால் பிடித்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். இலையோரத்து முள்மயிர்களுக்கு நடுவே ஒரு துளி. பால் கலங்கியது போன்ற நிறம், ஒரு பக்கம் மஞ்சளாக இறுகத் தொடங்கியிருந்தது. கந்தப்போடி கமராவை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“போன வருசமும் இது இரிந்ததா புள்ள?”

“இரிந்திரிக்கும் பெரியப்பா. நான் துடைக்காம உட்டிருந்தா அண்டைக்கே கண்டிருப்பம்.”

மேனுகா படத்தை ஃபோனுக்கு மாற்றிப் போதனாசிரியருக்கு அனுப்பினார். அந்த வட்டையில் சிக்னல் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. ஃபோனைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரம்பில் அங்கும் இங்கும் நடந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, படம் இன்னும் போய்ச் சேரவில்லை. கந்தப்போடி எழும்பி, வாளியிலிருந்த யூரியாவைத் திரும்ப மூட்டைக்குள் கொட்டி, அதன் வாயை இறுக்கிக் கட்டினார்.