இரண்டு வாரத்து மாத்திரை

ஒரே ஒரு சொல் உங்களை ஏழு வருடம் மாத்திரை விழுங்க வைக்கும் என்றால் நம்புவீர்களா? அந்தச் சொல் ‘அதே’.

சட்டை ஆலையில் தைக்கும் ஒரு பெண்ணுக்கு மூட்டுவலி. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடக் கூடாதென்று, கூடவே இரண்டு வாரத்துக்கு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதினார்கள். வலி மாத்திரை நின்றுபோனது. அமில மாத்திரைக்கு மட்டும் வருகிற டாக்டரெல்லாம் சீட்டில் ‘அதே’ என்று எழுதிக்கொண்டே போனார்கள். காரணம் கேட்காமல் எழுதுவதற்குப் பெயர் மருத்துவமல்ல, படியெடுப்பு.

அதைக் கண்டுபிடித்தவர் அந்தச் சிறிய மருத்துவமனையின் செவிலியர். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் எல்லாருக்கும் அவர் ‘துருவல்’. வெளியே நாற்பது பேர் காத்திருக்க, அந்தப் பெண்ணை உட்காரவைத்து, அவருடைய பழைய சீட்டுகளை டாக்டரின் மேசையில் பரப்பினார்.

“புண் இல்ல, ரத்தக்கசிவு இல்ல, வலி மாத்திரையும் இல்ல. அப்புறம் எதுக்கு சார் இது?”

“நிறுத்தி ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“நிறுத்தாம ஆச்சுன்னா? ரத்தத்துல பி12 குறைஞ்சிருக்கு, கால் மரத்துப்போகுதுங்கறாங்க. இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். மெஷினை மிதிக்கிற கால் சார்.”

அந்தத் தையல்காரப் பெண் குறுக்கிட்டார். “போன வருஷம் நானே விட்டுப் பார்த்தேன். மூணாம் நாளே நெஞ்சு அடுப்பாட்டம் எரிஞ்சுது. அது இல்லாம எனக்கு ஆகாது.”

“இத்தனை வருஷம் அடக்கி வெச்ச அமிலம்க்கா, திடீர்னு விட்டதும் துள்ளுது. மெதுவா இறக்கினா அடங்கும்.”

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். பி12 ஊசி எழுதி, மாத்திரையைப் பாதி அளவாக்கினார்.

ஒன்பதாம் நாள் தையல்காரர் மார்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “உங்க பேச்சைக் கேட்டது என் தப்பு சிஸ்டர்.”

எரிச்சலா, இதயமா? துருவல் உடனே அவரைப் படுக்கவைத்து இசிஜி எடுத்தார். இதயத்தில் கோளாறில்லை.

டாக்டர் சீட்டை இழுத்தார். “முடிவு உங்களோடது. பழைய அளவுக்கே போகலாம். இல்லன்னா, எரியறப்ப மட்டும் சிரப் குடிச்சு இன்னும் சில வாரம் தாங்கணும்.”

தையல்காரர் துருவலை முறைத்தார். “தாங்கறேன். ஆனா எரியறப்பல்லாம் இவங்களுக்கு போன் போடுவேன். இவங்களும் கொஞ்சம் எரியட்டும்.”

பதினோரு அழைப்புகள் வந்தன. பன்னிரண்டாவது வரவில்லை.

இந்த மாத்திரை சிலருக்குக் கட்டாயம் வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் வருடக்கணக்கில் விழுங்குகிறீர்கள் என்றால், அடுத்த முறை சீட்டை டாக்டர் முன் வைத்து, எதற்காக ஆரம்பித்தது, எப்போது முடியும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.