அயன் பெட்டிக்குப் போட்ட கணக்கு

மருமகள் பேரனின் பள்ளிச் சட்டையில் தண்ணீர் தெளித்து அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். ஈரத் துணி சூடுபட்டு எழும் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் பிரிக்பீல்ட்ஸ் வாடகை வீட்டுக்குப் போய்விட்டேன். ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடிக்க வருவதற்கு முந்திய காலம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அப்போது எங்கள் வரிசையில் கரண்டு புதுசு. அறை நடுவே ஒரு வயர் தொங்கும், நுனியில் ஒரு பல்பு, அவ்வளவுதான். சுவரில் பிளக் எல்லாம் ஏது? ஊருக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான் ஏலத்தில் நான் கரண்டு அயன் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். பல்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெட்டியின் வயரை மாட்ட வேண்டும். என் மனைவி செல்லம்மாவுக்கு ஒரே குஷி. கரி ஊத வேண்டாம், சட்டையில் நெருப்புப் பொறி விழாது. தினமும் அரை மணி நேரம் தேய்த்தாள். நானும் மடிப்புக் கலையாமல் ஆபீசுக்குப் போனேன்.

எவன் கண் பட்டதோ! மாசக் கடைசியில் பக்கத்து மேசைக் குமாஸ்தா, "பெட்டியில எத்தனை வாட்டுன்னு போட்டிருக்கும். அதை மணியால பெருக்குலா, யூனிட் வந்துரும். யூனிட்டுக்குத்தான் காசு" என்றார். கணக்கில் நான் புலி என்று எனக்கே ஒரு நினைப்பு. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நானூற்றைம்பது வாட். அரை மணிக்கு இருநூற்று இருபத்தைந்து யூனிட். மாசத்துக்குப் பெருக்கினால் ஆறாயிரத்துக்கும் மேல்! என் இரண்டு வருஷச் சம்பளத்தைக் கொட்டினாலும் காணாது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலை போகும், ஜெயில் நிச்சயம். செல்லம்மா வேறு பிள்ளைத்தாச்சி.

"துணியெல்லாம் கட்டு. பில்லு வர்றதுக்குள்ள ஊருக்கே போயிருவோம், நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிருவோம்."

"ஏங்க, பேய் கீய் புடிச்சிருச்சா?"

விஷயத்தைக் கொட்டினேன். அவள் என் கணக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வாசலுக்குப் போய் மீட்டரை அண்ணாந்து பார்த்தாள்.

"போன மாசம் மீட்டர்காரர் பன்னெண்டுன்னு எழுதிக்கிட்டுப் போனாரு. இப்ப இருபத்திரெண்டு காட்டுது. மீதி ஆறாயிரம் எங்க ஓடிப்போச்சாம்?"

பத்தே யூனிட், அதுவும் பல்பையும் சேர்த்து! அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று அன்றைக்கு விட்ட மூச்சு மாதிரி வாழ்க்கையில் பிறகு விட்டதில்லை. மறுநாள் குமாஸ்தாவைப் பிடித்து உலுக்கினால், "ஐயோ, ஆயிரத்தால வகுக்கணும்னு சொல்ல மறந்துட்டேன்லா!" என்கிறார். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட்டாம். படுபாவி மனுஷன்! செல்லம்மா ஒரு வாரம் சிரித்தாள். "வயிறு குலுங்குது, பிள்ளை பயந்துரும்" என்று அதட்டினேன். அதற்கும் சிரித்தாள்.

அந்த வீட்டு வரிசையை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். பல்பு மாட்டும் இடத்தில் அயன் பெட்டியை மாட்டினோம் என்றால் பேரன் நம்புவதில்லை. கரண்டு பில் எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியாது, மகன் கட்டிவிடுகிறான். கவலை விட்டது, நிம்மதிதான். செல்லம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போதும் நான் ஏதாவது தப்புக்கணக்குப் போடுவதுண்டு. வீட்டில் எல்லோரும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். வாய்விட்டுச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.