அடியில் ஓடும் தண்ணீருக்கு ஏது வரப்பு

எனக்கு முன்கோபம் அதிகம். பாடம் நடத்தும்போது அது இன்னும் கூடும். எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு வருஷம், புதுச்சத்திரம் பக்கம் பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் டீச்சர். ‘ஆழ்துளைக் கிணறு போட அரசு கட்டுப்பாடு விதிக்கலாமா?’ என்று கரும்பலகையில் எழுதிப் பேசச் சொன்னேன்.

வகுப்பில் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இருவரின் மகன்கள் இருந்தார்கள். தம்பி தோட்டத்தில் திருச்செங்கோட்டு போர்வெல் லாரி வந்து போர் போட்டது. தண்ணீர் இறைக்கத் தொடங்கிய ஒரே வாரத்தில், ஒட்டியிருந்த அண்ணன் தோட்டத்துக் கிணறு வற்றிவிட்டது. அங்கே கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்தக் கேள்வியை எழுதினேன்.

ஐந்து நிமிஷத்தில் பேச்சு குழாயடிச் சண்டையாகிவிட்டது. பிரம்பால் மேசையில் ஓங்கி ஒன்று போட்டேன்.

“எங்கூடு, உங்கூடுன்னது போதும். கொஞ்சம் பெருசா யோசிங்கடா.”

அண்ணன் மகன் எழுந்தான். “மேல மண்ணுக்கு வரப்பு இருக்குதுங்க டீச்சர். அடியில ஓடற தண்ணிக்கு ஏதுங்க வரப்பு?”

எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். பாவி, நான் விடவில்லை. தம்பி மகன் பக்கம் திரும்பினேன். “அப்போ அந்தத் தண்ணி யாருது? சொல்லு.”

“எங்கப்பன் போட்ட போருங்க. எங்களுது. வக்கில்லாதவங்க கெணத்தைப் பாத்து அழுவட்டும்.”

பெஞ்சு கவிழ்ந்தது. அண்ணன் மகன் அவன் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், மறுபடியும் மோதினான். தம்பி மகன் காம்பஸை எடுத்து அவன் தோளில் குத்தினான். இரண்டு வெள்ளைச் சட்டையிலும் ரத்தம். நான் பிரம்பால் இருவரையும் விளாசினேன். பிரம்பு முறிந்த பிறகும் கையால் அடித்தேன். அடிக்க அடிக்க வெறி ஏறியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ரத்தத்தைத் துடைத்து உட்காரவைத்த பிறகாவது விட்டேனா? “பதிலை யோசிச்சுக்கிட்டு நாளைக்கு வாங்க” என்றேன்.

மறுநாள் முதல் மணிக்கு அண்ணன் மகன் மட்டும் வந்தான். தோளில் கட்டு, கையில் பை இல்லை. சட்டை முழுக்கச் செம்மண்.

“அவிங்க போர்க்குழாய்க்குள்ள கல்லா அள்ளிப் போட்டுட்டேனுங்க. அடைச்சுப்போச்சு. சித்தப்பன் அருவாளோட வாராருங்க.”

அவனை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டேன். “அதனால உங்க கரும்பு பொழைச்சிருமாடா?”

“இல்லீங்க. ஆனா நீங்க கேட்டீங்களே டீச்சர், தண்ணி யாருதுன்னு. இப்ப ஆருதுமில்லீங்க.”