நான்காவது படம்

அந்த வீட்டில் இரண்டு ஆய்வாளர்கள். அண்ணன் காவல் நிலையத்தில், தங்கை பல்கலைக்கழகத்தில். தங்கைக்குத் துறையில் 'முகக்காரி' என்று பெயர். பதினோரு வருடமாக அவள் செய்தது, பார்த்த முகத்தைச் சாட்சிகள் சரியாக அடையாளம் காட்டுகிறார்களா என்ற ஒரே ஆராய்ச்சிதான். திருட்டு நடக்கும் வீடியோ ஒன்றை மாணவர்களுக்குப் போடுவாள். பிறகு கணினித் திரையில் ஆறு முகங்கள் வரும். திருடன் யாரென்று பொத்தானை அழுத்தவேண்டும். திருடனாக நடித்தவர் துறை நூலகர், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனிதர்.

அண்ணனுக்கு இந்த ஆராய்ச்சிமீது துளியும் மதிப்பில்லை. கத்திக்கு முன்னால் நின்றவனும் குளுகுளு அறையில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பவனும் ஒன்றா என்று சாப்பாட்டு மேசையில் அவளை வறுத்தெடுப்பார். உன் ஃபைலில் சாட்சி யாரைக் காட்டினார் என்றுதான் இருக்கும், உண்மையில் செய்தவன் யாரென்று என் அறையில்தான் தெரியும் என்று அவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள். இருவரும் சொன்னது சரிதான். ஒப்புக்கொள்ளத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

ஒருநாள் வாக்குவாதம் முற்றி, அவ்வளவு தெரிந்தவள் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்து பாரேன் என்று அண்ணன் வாயை விட்டுவிட்டார். மறுநாளே அவள் நோட்டோடு போய் நின்றாள்.

மருந்துக்கடையில் கத்தி காட்டி மிரட்டிக் கொள்ளையடித்த வழக்கு. சந்தேகத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி மூன்றாவது நாளாக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே, அண்ணன் கடைக்காரர் முன்னால் படங்களை ஒவ்வொன்றாக வைத்தார். மூன்று படம்வரை பேனா மேசையில் கிடந்தது. நான்காவது, மெக்கானிக்கின் படம். அதை வைத்ததும் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். கடைக்காரர் பேனாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், இவன் என்றுதான் நினைக்கிறேன் என்றார். 'சந்தேகமின்றி அடையாளம் காட்டினார்' என்று அண்ணன் எழுதினார்.

தங்கை நோட்டில் 'நான்காவது படம், பேனா' என்று குறித்துக்கொண்டாள். கணினி பேனா எடுக்காது. அதனால் பதினோரு வருடமாக இது அவள் கண்ணில் படவே இல்லை. ஃபைலைப் புரட்டினாலும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் தெரியும். முதலில் அவளுக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. பிறகு அண்ணனைத் தனியே கூப்பிட்டுப் பார்த்ததைச் சொன்னாள்.

"அப்ப நான் பொய்க்கேஸ் போடுறேங்கிறியா?"

"இல்லண்ணா. உனக்கே தெரியாம உன் கை பதிலைச் சொல்லிடுது. கொள்ளை நடந்தப்ப கடையில வேலை பார்த்துக்கிட்டிருந்த பொண்ணு இன்னும் படத்தைப் பார்க்கல. யாரைச் சந்தேகப்படுறோம்னு தெரியாத ஒருத்தர் அவகிட்ட காட்டட்டும்."

அண்ணன் முறைத்தார். ஆனால் தங்கை மூக்குடைபடுவதைப் பார்க்கும் ஆசையிலேயே சம்மதித்தார்.

மறுநாள் காலை, விடுப்பு முடிந்து அன்றுதான் வந்த பெண் காவலர் ஒருவர் கடைப்பெண்ணுக்குப் படங்களைக் காட்டினார். திருடன் இதில் இல்லாமலும் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லச் செய்திருந்தாள் முகக்காரி. அது அவளுடைய அறையில் நூறு தடவை சோதித்த வாக்கியம். அண்ணன் கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைப்பெண் ஆறு படங்களையும் நிதானமாகப் பார்த்தாள். யாருமே இல்லை என்றாள்.

இது ஒன்றே தீர்ப்பாகிவிடாது என்று அண்ணனிடம் தங்கையே சொன்னாள். அதன்பிறகுதான், கொள்ளை நடந்த நேரத்தில் மெக்கானிக் எங்கே இருந்தார் என்று அண்ணன் விசாரிக்கக் கிளம்பினார். ஆள் கையில் இருக்கிறான் என்ற நிம்மதியில் அதுவரை யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. மருத்துவமனை ஒன்றின் எட்டாவது மாடியில், பழுதான லிஃப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரைக் கேமரா பதிவு செய்திருந்தது. சாயங்காலம் அவரை விட்டுவிட்டார்கள். கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, பேருந்து நிறுத்தம்வரை நடந்தாள் மனைவி.

அடுத்த வாரம் அண்ணன் முதல்முறையாகத் தங்கையின் ஆய்வு அறைக்கு வந்தார். இரண்டு கட்டு பழைய ஃபைல்களை மேசைமேல் வைத்துவிட்டு, மாணவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாத்துலயும் நான்தான் படம் காட்டினேன். உனக்குத் தெரிஞ்ச எல்லா வழியிலயும் பாரு, எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன். மேல இருக்கிற நாலையும் முதல்ல எடு. அந்த நாலு பேரும் இன்னும் ஜெயில்ல இருக்காங்க."