அட்டைக்கு உப்பு

"அக்கா, காலை எடுத்து வைங்க" என்கிறார் பயிற்சி தரும் பெண். கம்பிகளைப் பிடித்தபடி செயற்கைக் காலில் முதல்முறை நிற்கிறேன். சர்க்கரை நோயில் வெட்டியெடுத்த பாதத்தின் விரலிடுக்கில் ஈரமாக ஏதோ ஊர்கிறது.

நான் சிறுமியாக இருந்தபோது, பீர்மேட்டுத் தோட்டத்து லய வீட்டில், தேயிலை ஃபேக்டரியில் கால் போன அப்பாவும் ஊன்றுகோலோடு முதல் அடி வைக்கப்போய் இப்படித்தான் நின்றார்.

"ஏட்டி, விரலிடுக்குல அட்டை கடிக்குது. உப்பு கொண்டா."

அட்டை கடித்தால் உப்புப் போடுவோம். ஆனால் அங்கே விரலே இல்லை. உப்பு ஜாடியோடு சுவரில் ஒட்டிக்கொண்டேன். அம்மா அதைப் பிடுங்கி, வெறுந்தரையில் உப்பைத் தூவினாள். அப்பா பெருமூச்சுவிட்டு அடி வைத்தார். அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் படுக்கவே பயந்தேன்.

கம்பிகளின் மறுமுனையில் என் மகள்.

"என்னம்மா, வலிக்குதா?"

உப்பு என்று சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.