குடும்பங்களுக்கு மட்டும்

பம்பாய் ஆபீஸ்களில் ஆளை சர்நேம் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்கு சர்நேம் கிடையாது. அப்பா பெயரைப் பின்னால் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். அதனால் சயானில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் இத்தனை வருஷமாக என் அப்பாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஃபைல் எங்கே என்று அவரைக் கேட்கிறார்கள், லீவு கிடையாது என்று அவரிடம் சொல்கிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன். செம்பூரில் எனக்கு ஒற்றை அறை. அங்கே பால்காரனுக்கு நான் 'அண்ணா', வீட்டுக்காரருக்கு 'மதராஸி'. பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

என் பெயர் சத்தமாக ஒலித்த ஒரே இடம் என் மகளின் வகுப்பறை. அவள் பெயருக்குப் பின்னால் என் பெயர் இருந்தது. டீச்சர்கள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதும் அதட்டும்போதும் அதைத்தான் சொல்வார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள் வந்து, "அப்பா, இன்னைக்கு மிஸ் உங்களை பெஞ்ச் மேல ஏறி நிக்கச் சொன்னாங்க" என்றாள். அன்று முழுக்க எனக்கு ஏனோ ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவள் அம்மா என்னைவிட்டுப் பிரிந்தாள். விவாகரத்து முடிந்து, நவி மும்பைப் பக்கம் கோபர்கைரனேயில் இருக்கும் ஒரு மராத்திக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மகளும் அவளோடு போனாள். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நிறையத் தேடினேன். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், கிங்ஸ் சர்க்கிளில் டிபன் சாப்பிடுவோம், சாயங்காலம் கொண்டுபோய் விட்டுவிடுவேன். கொரோனா வந்து அதுவும் நின்றது. லோக்கல் ரயிலில் ஆஸ்பத்திரி, போலீஸ் மாதிரி அவசர வேலைக்காரர்கள் மட்டும்தான் ஏறலாம், எனக்கு அனுமதி இல்லை. ஃபோன் திரையில் அவள் முகம் கொஞ்ச நேரம் தெரியும், பிறகு அவள் அறையின் மின்விசிறி தெரியும். ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு எங்கோ போயிருப்பாள். நான் அந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு நாளில்தான் வாக்குக் கொடுத்தேன். பூனா ரோட்டில், மலை ஏறுவதற்கு முன்னால், ராட்டினமும் தண்ணீர் விளையாட்டும் உள்ள பெரிய பார்க் ஒன்று இருக்கிறது. திறந்ததும் கூட்டிப்போகிறேன், ஒரு ராத்திரி அங்கேயே தங்கலாம் என்றேன். அவளுக்கு ராட்டினம்தான் முக்கியம். எனக்கு அந்த ஒரு ராத்திரி. பிரிந்த பிறகு என் மகள் தூங்கி எழுந்ததை நான் பார்த்ததே இல்லை.

பார்க் திறக்கிறது என்றார்கள். பாதிக் கூட்டம்தான் என்றார்கள். தண்ணீர் விளையாட்டு கிடையாது, ராட்டினம் மட்டும் என்றார்கள். அப்புறம் ராட்டினத்தையும் மூடினார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு டிக்கெட் நிச்சயமில்லை, காம்பவுண்டுக்குள் இருக்கும் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு அனுமதி உறுதி என்று ஒரு நாள் இணையத்தில் போட்டிருந்தது. மறுநாள் அந்த வரியைக் காணோம். இரண்டு ஊசி போட்டதற்கு சர்டிபிகேட் வேண்டும், அது குழந்தைகளுக்கு வேண்டாம், அவர்களுக்கு ஸ்கூல் கார்டு போதும் என்றான் ஒருவன். டெஸ்டும் எடுக்க வேண்டும் என்றான் இன்னொருவன். ஃபோன் எடுக்கிற ஆள் மாற மாற விதியும் மாறியது. நான் தினமும் சாப்பாட்டு வேளையில் ஃபோன் செய்துகொண்டே இருந்தேன்.

எந்த ஆள் எடுத்தாலும் முதல் கேள்வி மட்டும் மாறாது. "ஃபேமிலியா?" "நானும் பொண்ணும்." "மேடம்?" "வரலை." தனி ஆண்களுக்கு ரூம் இல்லை, குடும்பங்களுக்கு மட்டும் என்பார்கள். தனி ஆண் எங்கே, மகள் இருக்கிறாளே என்று நான் கத்துவேன். மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ஹோட்டல் இருந்தது. வாடகை பாதிதான். அங்கே ஃபோன் செய்தபோது, "யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க சார், நாங்க எதுவும் கேக்க மாட்டோம்" என்றான். யாரை வேண்டுமானாலும் கூட்டி வரலாம் என்கிற இடத்துக்கு மகளைக் கூட்டிப்போவதா? கேள்வி கேட்கிற இடம்தான் யோக்கியமான இடம் என்று உள்ளே இருக்கும் ஹோட்டலையே முடிவு செய்தேன். அந்தக் கேள்வியை என்னைத்தான் கேட்பார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒரு வழியாகத் திறந்தார்கள். நேரில் வாருங்கள், கார்டுகளைப் பார்த்து ரூம் தருகிறோம் என்றார்கள். ஒரு சனிக்கிழமை கோபர்கைரனே போய் அவளை அழைத்துக்கொண்டேன். என் தோள் வரை வளர்ந்திருந்தாள். டாக்சியில் நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் இந்தியில் பதில் சொன்னாள். இரண்டு பேருக்கும் புரிந்தது, அதனால் பரவாயில்லை.

ஹோட்டல் மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். அதனால் கத்தவும் முடியாமல் போயிற்று. என் ஆதாரைப் பார்த்தார், அவளுடைய ஸ்கூல் கார்டைப் பார்த்தார், மறுபடி என் ஆதாரைப் பார்த்தார். பிறகு குனிந்து, முழுப் பெயர் என்ன என்று இந்தியில் அவளிடம் கேட்டார். அவள் தன் பெயரைச் சொன்னாள். என் பெயர் வர வேண்டிய இடத்தில் கோபர்கைரனேக்காரரின் சர்நேமைச் சொன்னாள். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. பல நாளாகச் சொல்லிப் பழகிய வாய்.

மேஜை மேல் இருந்த அவள் கார்டை எட்டிப் பார்த்தேன், அதிலும் அதுதான்.

"சர்நேம் வேற வேறயா இருக்கே, சார்" என்றார் மேனேஜர். இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். பாங்க்கில், ரேஷன் ஆபீஸில், எத்தனையோ கவுண்டர்களில் ஒப்பித்தது. எங்களுக்கு சர்நேமே கிடையாது, அப்பா யாரோ அவர் பெயர்தான் பிள்ளைக்குப் பின்னால் வரும் என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். நான் சொல்லும் கணக்குப்படி இவளுக்கு அப்பா நான் இல்லை.

மேனேஜர் அவளிடம் திரும்பினார். இவர் யார்?

"அப்பா" என்றாள்.

"அப்பான்னா? பப்பாவா?"

"இல்ல. பப்பா வீட்ல இருக்கார். இவர் அப்பா."

அதற்கு மேல் அவருக்கும் புரியவில்லை. வீட்டு ஃபோன் நம்பர் கேட்டார், அவளே சொன்னாள். மேஜை மேல் இருந்த ஃபோனிலிருந்து ஸ்பீக்கரில் கூப்பிட்டார். அவள் அம்மா எடுப்பாள் என்று நினைத்தேன், கோபர்கைரனேக்காரர் எடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆமா, அவர்தான் அவளோட அப்பா. ரூம் குடுங்க" என்று நிதானமாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற குடும்பம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்து தேங்க்ஸ் சொன்னேன். வேறென்ன சொல்வது?

லிஃப்டில், "கோபமா?" என்று தமிழில் கேட்டாள். இல்லை என்றேன். "புது ஸ்கூல்ல மம்மி அப்படித்தான் எழுதினா. பழைய பேர் ரொம்ப நீளம் அப்பா. யாருக்கும் சொல்ல வரலை." அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. யாருக்கும் சொல்ல வராதுதான். எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது வெறும் தனிமை. அவள் கையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நிற்கும்போதே வந்தது.

மறுநாள் காலையில் அவள் தூங்கி எழுந்ததைப் பார்த்தேன். இதற்காகவா இவ்வளவு பாடு என்று கேட்டால், ஆமாம், இதற்காகத்தான். தலைமாட்டில் எதையோ தேடினாள், என்னைப் பார்த்ததும் எந்த இடம் என்று கொஞ்ச நேரம் முழித்தாள், அப்புறம் சிரித்தாள்.

பார்க்கில் பாதி கயிறு கட்டி மூடியிருந்தது. அலைக்குளத்தில் தண்ணீரே இல்லை. திறந்திருந்த ராட்டினங்களில் அவள் தனியாகவே ஏறினாள், நான் கீழே பைகளோடு நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் கையாட்டினேன். மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். கொரோனா என்று டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆர்டரோடு பெயரைச் சொன்னால் தோசை வந்ததும் மைக்கில் கூப்பிடுவார்கள். அவள் போய் ஆர்டர் கொடுத்து, நான் தந்த நோட்டை நீட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மைக்கில் ஒரு பெயர் வந்தது. முன்பாதியை விழுங்கி, பின்பாதியை இழுத்து, இந்திக்காரன் வாயில் படாதபாடு பட்டு வந்த பெயர். யாரோ என்றுதான் நானும் சுற்றிப் பார்த்தேன்.

"அப்பா, உங்களைத்தான். போங்க."

"என் பேரை எதுக்குக் குடுத்தே?"

"பைசா உங்களோடதுதானே" என்றாள், ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல்.

எழுந்தேன். இரண்டடி எடுத்து வைத்தேன். என்ன தோன்றியதோ, திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். மைக் மறுபடியும் கூப்பிட்டது, இந்தத் தடவை கொஞ்சம் அதட்டலாக. கூடம் முழுக்க என் பெயர் கேட்டது.

"தோசை ஆறிடும்பா" என்றாள்.

ஆறட்டும், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.