செட்டு மாத்திரை

ஒரகடம் போகிற சாலையில், எங்கள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடை இருந்தது. அதை நடத்தியவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று ஒரு சமயம் நாள் தவறாமல் வேண்டிக்கொண்டேன். குன்றத்தூர் மலைப்படி ஏறும்போதும் அதே வேண்டுதல்தான். முருகனிடம் போய் இதையா கேட்பாய் என்றாள் ரூமில் ஒருத்தி. சூரனைக் கொன்றவனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பதாம் என்றேன்.

நானும் தங்கையும் தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். படப்பையில் ஒரு மாடி ரூமில் எட்டுப் பெண்களாக இருந்தோம். நான் வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. தங்கை வந்து ஐந்து மாதம். அவளுக்கு டிரெய்னிங் ஆறு மாதம். அதற்குள் தொடர்ந்து மூன்று நாள் லீவு போட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் எங்கள் அசெம்பிளி லைனில் யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது. வந்தாலும் வெளியே தெரியக் கூடாது.

அதற்குத்தான் செட்டு. காய்ச்சல் என்றால் போதும், கடைக்காரன் நாலு அட்டையிலிருந்து ரெண்டு ரெண்டு மாத்திரையை வெட்டி, பேப்பரில் மடித்து, ரெண்டு வேளை போட்டால் சரியாகிவிடும் என்று நீட்டுவான். ஒரு வேளைக்கு வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, சிவப்பும் கறுப்புமாக ஒரு கேப்சூல், வயிற்றுக்கு ஒரு குட்டி மாத்திரை. வெட்டுகிற வெட்டில் அட்டையில் இருக்கும் பெயர் போய்விடும். டாக்டரிடம் போனால் அரை நாள் ஆகும். இவனிடம் அரை நிமிஷம். பஸ்ஸும் பிடித்துவிடலாம்.

ரூமுக்கு செட்டு வாங்கி வருகிறவள் நான்தான். ரூம் டாக்டர் என்று கேலி செய்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவேன். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று ஒரு பழைய டிபன் டப்பாவில் போட்டு வைப்பேன். அடுத்தவளுக்கு உடம்பு சுட்டால் அதிலிருந்து நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பேன்.

தங்கைக்குக் காய்ச்சல் வந்தபோது டிரெய்னிங் முடிய ஒரு மாதம்கூட இல்லை. செட்டு கொடுத்தேன், விட்டது. நிறுத்தினேன். நாலு நாளில் திரும்ப வந்தது. டப்பாவிலிருந்து கொடுத்தேன். விட்டது, மறுபடி வந்தது. இப்படியே ஒரு நாள்கூட லீவு போடாமல் தள்ளினோம். மூன்றாவது வாரம், லைனில் நின்றிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தொட்டுப் பார்த்தேன். வயிறு பலகை மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள். குடலின் ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்து, அதன் மேல் ஒரு பையை மாட்டினார்கள். சில மாதம் மலம் அதில்தான் போகும். அதன் பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. ஏற்றிய ஊசி எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. வரிசையாக மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆர் என்று ஓர் எழுத்து. அப்படியென்றால் அந்த மருந்து கிருமியிடம் பலிக்காதாம். அடியில் இரண்டே இரண்டு மருந்துக்கு மட்டும் வேறு எழுத்து இருந்தது.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதற்கு முன்னால் என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டாள் என்று கேட்டார். சிவப்பும் கறுப்புமாக ஒரு கேப்சூல் என்றேன்.

"நான் கலர் கேக்கலம்மா. பேர் கேட்டேன்."

எனக்குப் பெயர் தெரியவில்லை. கிருமி வரும்போதே முரடாக வந்திருக்கலாம், ஆனால் அரைகுறை மருந்து கொடுத்து அதை இன்னும் பழக்கிவிட்டீர்கள், காய்ச்சலை அமுக்கி அமுக்கி மூன்று வாரத்தைப் பாழாக்கிவிட்டீர்கள் என்றார். மிச்சமிருக்கும் இரண்டு மருந்தும் கைவிட்டால் தங்கை பிழைப்பது கஷ்டம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பெயர் கேட்கக் கடைக்கு ஓடினேன். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நான் குடுத்தது சத்து மாத்திரைம்மா. உன் தங்கச்சி வேற எங்க இன்னா துன்னுச்சோ."

சொல்லும்போதே அவன் கை வேறொருத்திக்கு மாத்திரை வெட்டிக்கொண்டிருந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதுவிட்டுத் திரும்பியிருப்பேன். சத்து மாத்திரையாம். உன்னைச் சும்மா விட்டால் நான் ஓர் அப்பனுக்குப் பிறந்தவள் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கல்லெறியவில்லை, கத்தவில்லை. பஸ்ஸில் வருகிற பெண்களிடம் பரிசோதனைத் தாளைக் காட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மறுநாள் காலை பஸ் வருவதற்கு முன் பதினான்கு பேர் கடை முன்னால் வரிசையில் நின்றோம். முதலில் நான். ஒரு செட்டு என்றேன். வெட்டி மடித்து நீட்டினான். வாங்காமல் பேனாவை நீட்டினேன்.

"ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதித் தாங்கண்ணே."

சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவளும் அதையே கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும். பெயரெழுதினால் டாக்டர் சீட்டில்லாமல் விற்றதற்கு மாட்டிக்கொள்வான், எழுதாவிட்டால் வரிசை நகராது. நாங்கள் நகரவும் இல்லை. இரண்டாம் நாள் மற்ற கம்பெனிப் பெண்களும் வேடிக்கை பார்க்க வந்து வரிசையில் சேர்ந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ போன் போட்டு மேலிடத்தில் சொல்ல, மருந்துக் கடைகளைச் சோதிக்கிற அதிகாரிகள் இரண்டு பேர் வந்து அட்டைகளை அள்ளிப் பையில் போட்டார்கள். கூட்டத்துக்கு நடுவே அவன் என்னைத் தேடிப் பார்த்தான். நான் நன்றாகத் தெரியும்படி நின்றேன். அன்று சாயங்காலம் ஷட்டர் இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. சொல்லக் கூடாதுதான், எனக்கு அது இனித்தது.

அந்தச் சந்தோஷத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். புதிய ஊசியில் காய்ச்சல் இறங்கத் தொடங்கி, தங்கை அன்றுதான் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் முழித்த முழியை நடித்துக்கூடக் காட்டினேன். பழிக்குப் பழி வாங்கிவிட்டேன் என்றேன். அவள் வயிற்றுப் பையைப் போர்வையால் மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவன் எப்பிடி இருப்பான்?"

எவன் என்றேன்.

"அந்தக் கடைக்காரன். நான் அவன் மூஞ்சியப் பாத்ததே இல்லக்கா. எனக்கு எல்லாம் நீதான தந்த."

கோபமாகச் சொல்லவில்லை. நர்ஸ் வைத்துவிட்டுப் போன மாத்திரையைப் பிரித்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அட்டையைக் கேட்டாள். திருப்பிப் பிடித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, பெயரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் கையை நீட்டினாள்.

ரூமுக்குப் போய் டிபன் டப்பாவைக் குப்பையில் போட்டேன். சில மாதம் கழித்துக் குடலை உள்ளே வைத்துத் தைத்தார்கள். தங்கை வேலைக்குத் திரும்பினாள், முதல் நாளிலிருந்து டிரெய்னிங். கடைக்காரன் மேல் எனக்குள்ள கோபம் இன்றும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் குன்றத்தூரில் நிற்கும்போது அந்தப் பழைய வேண்டுதல் வாயில் வர மாட்டேன் என்கிறது. தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தால்கூட தங்கை அட்டையைத் திருப்பிப் பெயரைப் படிக்கிறாள். அவள் படித்து முடிக்கும்வரை நான் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.